கட்டி வளர்ந்ததா, வீங்கியதா? இம்யூனோதெரபி காலத்து ஸ்கேன்களைப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

உடம்பின் எதிர்ப்பு சக்தியைக் கொண்டே புற்றுநோயை எதிர்க்கும் இம்யூனோதெரபி தொடங்கி ஒன்பது வாரம் ஆகியிருக்கும். முதல் ஸ்கேன் அறிக்கை கைக்கு வருகிறது. எத்தனை பக்கம் இருந்தாலும் கண் நேராகக் கடைசிப் பத்திக்குத்தான் ஓடும். "முந்தைய ஸ்கேனுடன் ஒப்பிடும்போது கட்டிகளின் அளவு கூடியிருக்கிறது" என்று அங்கே ஒரு வரி. மருந்து வேலை செய்யவில்லை, எல்லாம் முடிந்தது என்று வீடே இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகிறது.

அந்த வரி கெட்ட செய்தியாக இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும் என்பதையும் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தச் சிகிச்சையில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் கட்டிக்குள் கூட்டமாகப் புகுந்ததாலும் அது வீங்கித் தெரியலாம். எது உண்மை என்பதை ஒரு ஸ்கேனை மட்டும் வைத்துச் சொல்ல முடிவதில்லை. வரிசையாக எடுத்த ஸ்கேன்களும், இரத்தப் பரிசோதனையும், நோயாளி எப்படி இருக்கிறார் என்பதும் சேர்ந்துதான் சொல்லும். ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் அன்றாட வேலை. அந்த மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து, சிகிச்சையைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் அவர்களோடு மருத்துவமனைக்குப் போய்வருபவர்களுக்கும், புற்றுநோய்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதல் படி: மருந்து யாரிடம் வேலை வாங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கீமோதெரபி மருந்து புற்றணுவை நேரடியாகத் தாக்குகிறது. அது பலித்தால் கட்டி சுருங்கும், பலிக்காவிட்டால் வளரும். அளவுகோலை வைத்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

இம்யூனோதெரபியில் தரும் செக்பாயின்ட் தடுப்பு மருந்துகளின் வழி வேறு. நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்களில் ஒருவகையான டி அணுக்களில் பி.டி.-1, சி.டி.எல்.ஏ.-4 போன்ற தடைக்கட்டைகள் இருக்கின்றன. சொந்த உடம்பையே அவை தாக்கிவிடாமல் இருப்பதற்காக இயற்கை வைத்த ஏற்பாடு இது. புற்றணுக்கள் அந்தக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுகின்றன. மருந்து அந்தப் பிடியை விலக்குகிறது, அவ்வளவுதான். சண்டை போடுவது டி அணுக்கள். இந்தத் தடைகளை விலக்கிப் புற்றுநோயை எதிர்க்கலாம் என்று காட்டியதற்காக ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹோன்ஜோவுக்கும் 2018இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இந்த வரிசையில் முதல் மருந்தான இபிலிமுமாப் 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் இரண்டும் 2014இல் வந்தன.

ஸ்கேன் பார்ப்பவருக்கு இதிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன. பலன் தெரியத் தாமதமாகலாம். சுருங்குவதற்கு முன் கட்டி வீங்கலாம். தடை நீங்கிய டி அணுக்கள் நுரையீரல், குடல், தைராய்டு என்று சம்பந்தமில்லாத உறுப்புகளையும் தாக்கலாம். அதுவும் படத்தில் தெரியும். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாகப் பிடிபடும்.

இரண்டாவது படி: அடிப்படை ஸ்கேனைப் பத்திரப்படுத்துங்கள்

சிகிச்சை தொடங்குவதற்கு முன் எடுக்கும் ஸ்கேன்தான் அடிப்படை. முதல் ஊசிக்கு எவ்வளவு நெருக்கமாக எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. நான்கு வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. இரண்டு மாதத்துக்கு முந்தைய ஸ்கேனை அடிப்படையாக வைத்தால், மருந்து தொடங்கும் முன்பே நடந்த வளர்ச்சியின் பழி மருந்தின் தலையில் விழும். நான் அடிக்கடி பார்க்கும் பிழை இதுதான். இவ்வளவு சுலபமாகத் தவிர்க்கக்கூடிய பிழை வேறு இல்லை.

அறிக்கைத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். படங்கள் அடங்கிய குறுந்தகட்டையோ மின்பிரதியையோ கேட்டு வாங்குங்கள். "நுரையீரலில் சில கட்டிகள்" என்று எழுதிய பழைய தாளோடு புதிய படத்தை ஒப்பிட எந்த மருத்துவராலும் முடியாது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒப்பீடு.

அதே நாளில் ஸ்கேன் அறையில் சொல்லவேண்டிய சில விஷயங்கள் உண்டு. முந்தைய அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு எந்த இடத்தில் நடந்தது. ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறீர்களா. ஏற்கெனவே தைராய்டு, மூட்டுவாதம் போன்ற தொல்லை இருக்கிறதா. படம் தெளிவாகத் தெரியச் செலுத்தும் காண்ட்ராஸ்ட் மருந்துக்கு ஒவ்வாமை வந்ததுண்டா. சிறுநீரகம் எப்படி இருக்கிறது. யாரும் கேட்காமல் விட்டுவிடும் கேள்வி ஒன்று பாக்கி: அண்மையில் தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா, எந்தக் கையில்? இடது கையில் ஊசி போட்ட சில வாரங்களில் இடது அக்குளில் நிணநீர் முடிச்சுகள் வீங்கி, பெட் ஸ்கேனில் பளிச்சென்று ஒளிரும். தடுப்பூசித் தேதி தெரிந்தால் அது இரண்டு வரிக் குறிப்போடு முடியும். தெரியாவிட்டால் "புதிய இடத்தில் பரவலா?" என்ற கேள்வியாகி, சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி வரைக்கும் போய்விடலாம்.

மூன்றாவது படி: ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எடுங்கள்

முடிந்தவரை அதே மையம், அதே கருவி, அதே முறை. ஒருமுறை காண்ட்ராஸ்ட் ஊசியுடனும் அடுத்தமுறை இல்லாமலும் எடுத்தால் கல்லீரலில் உள்ள கட்டி தெரியாமல் போகலாம். மறைந்துவிட்டது என்று தவறாக மகிழவும் நேரும். படத்தின் ஒவ்வொரு சீவலும் 5 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இல்லாமல் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் சின்னக் கட்டிகளின் அளவில் நம்பிக்கை வைக்க முடியாது.

பெட் ஸ்கேன் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதில் செலுத்தும் எஃப்.டி.ஜி. என்பது கதிரியக்க ஃபுளூரின்-18 ஒட்டிய ஒருவகைச் சர்க்கரை. இந்த ஃபுளூரினின் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், சுமார் 110 நிமிடம். சர்க்கரையை வேகமாக விழுங்கும் அணுக்கள் ஒளிரும். புற்றணு மட்டுமா சர்க்கரைக்குப் பசித்திருக்கிறது? சண்டையில் இறங்கிய டி அணுவுக்கும் அதே பசிதான். பெட் படத்தின் பலம், பலவீனம் இரண்டும் இந்த ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

எனவே ஊசிக்கு முன் நான்கு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். இரத்தச் சர்க்கரை 200 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கவேண்டும். முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி கூடாது, தசைகள் ஒளிர்ந்து படத்தைக் கெடுக்கும். ஊசி போட்டபின் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வெதுவெதுப்பான அறையில் அசையாமல் ஓய்வெடுக்கச் சொல்வார்கள். இந்த நேரம் ஒருமுறை 60 நிமிடமாகவும் அடுத்தமுறை 90 நிமிடமாகவும் இருந்தால் இரண்டு எண்களையும் ஒப்பிடுவதில் பொருளில்லை. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்குக் குடல் முழுக்க ஒளிரும். உண்மையான குடல் அழற்சி அதற்குள் மறைந்துகொள்ளும். அதை நிறுத்திவைக்கவேண்டுமா என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நான்காவது படி: எண்களை நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள்

அறிக்கையில் "பகுதிப் பலன்", "நிலையான நோய்", "நோய் முன்னேற்றம்" (ஆள் தேறுவதல்ல, நோய் வளர்வது) என்று வரும் சொற்கள் யாருடைய மனப்போக்கிலும் எழுதப்படுபவை அல்ல. ரெசிஸ்ட் என்ற அளவீட்டு முறை இருக்கிறது, அதன் 1.1 பதிப்பு 2009இல் வந்தது. அடிப்படை ஸ்கேனில் ஐந்து கட்டிகள் வரை, ஓர் உறுப்புக்கு இரண்டுக்கு மேல் போகாமல், தேர்ந்தெடுப்பார்கள். சாதாரணக் கட்டியென்றால் அதன் நீளமான விட்டம் குறைந்தது 10 மில்லிமீட்டர். நிணநீர் முடிச்சென்றால் குறுக்கு விட்டம் 15 மில்லிமீட்டர். எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்குவார்கள்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். அடிப்படையில் நுரையீரல் கட்டி 32, கல்லீரல் கட்டி 24, நிணநீர் முடிச்சு 18. கூட்டினால் 74 மில்லிமீட்டர். ஒன்பதாவது வாரம் அவை 40, 30, 20 ஆகின்றன. கூட்டுத்தொகை 90. கூடியது 16 மில்லிமீட்டர், ஏறக்குறைய 22 சதவீதம். கூட்டுத்தொகை 20 சதவீதமும், அதோடு குறைந்தது 5 மில்லிமீட்டரும் கூடினால் "முன்னேற்றம்" என்பது விதி. பழைய விதிப்படி இங்கேயே கதை முடிந்தது, மருந்தை மாற்றவேண்டியதுதான்.

இனி, பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம். குறைந்ததா என்பதை அடிப்படை எண்ணோடு ஒப்பிடுவார்கள். 30 சதவீதம் குறைந்தால் பகுதிப் பலன். கூடியதா என்பதையோ இதுவரை எட்டிய மிகக் குறைந்த எண்ணோடு ஒப்பிடுவார்கள். 74இல் தொடங்கி 43க்கு இறங்கிய ஒருவருக்கு, அடுத்த ஸ்கேனில் 55 வருகிறது என்று வையுங்கள். "தொடங்கியதைவிடக் குறைவுதானே" என்று தோன்றும். ஆனால் 43இலிருந்து 12 மில்லிமீட்டர், அதாவது 28 சதவீதம் ஏறியிருக்கிறது. அறிக்கை "முன்னேற்றம்" என்றே சொல்லும், அது சரியும்கூட. இந்தக் கணக்குத் தெரியாததால் மருத்துவர் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டார் என்று வருத்தப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாவது படி: "உறுதிசெய்யப்படாத முன்னேற்றம்" என்ற சொல்லைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்

மேலே பார்த்த 90 மில்லிமீட்டர் நோயாளியிடம் திரும்புவோம். பழைய விதி இம்யூனோதெரபிக்குப் பொருந்தவில்லை என்று தெரிந்ததும் புதிய விதிகள் எழுந்தன. இப்போது பரவலாகக் கையாளப்படுவது 2017இல் வெளியான ஐ-ரெசிஸ்ட். இதில் முதல்முறை வளர்ச்சி தெரிந்தால் அதற்கு "உறுதிசெய்யப்படாத முன்னேற்றம்" என்று பெயர். நோயாளி நன்றாக இருந்தால் மருந்தைத் தொடரலாம். நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள் மறுபடியும் ஸ்கேன் எடுக்கவேண்டும்.

மறு ஸ்கேனில் 90 என்பது 98 ஆகியிருந்தால், அதாவது இன்னும் 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கூடியிருந்தால், முன்னேற்றம் உறுதியாகிவிட்டது. மாறாக 66க்கு இறங்கியிருந்தால்? அடிப்படையைவிட 11 சதவீதம் குறைவு. நிலையான நோய் என்று எழுதுவார்கள். இரண்டு மாதம் கழித்து 43 என்றால் 42 சதவீதம் குறைவு, பகுதிப் பலன். ஒன்பதாவது வாரத்தில் பயமுறுத்திய அந்த வீக்கம் உண்மையில் டி அணுக்களின் கூட்டமும், அவற்றைத் தொடர்ந்து வந்த நீர்க்கோப்பும், மடிந்த திசுவும்தான். இதைத்தான் போலி வளர்ச்சி என்கிறோம். இத்தகைய கட்டிகளிலிருந்து சதை எடுத்துப் பார்த்தபோது புற்றணுக்களுக்குப் பதிலாக எதிர்ப்பு அணுக்கள் அடர்ந்திருந்ததைக் கண்டிருக்கிறார்கள்.

புதிதாக ஒரு கட்டி முளைத்தாலும் இதே விதிதான். முன்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்த ஒரு புள்ளி, எதிர்ப்பு அணுக்கள் மொய்த்ததால் இப்போது தெரியலாம். அதைத் தனியாகக் குறித்துவைத்துவிட்டு அடுத்த ஸ்கேனுக்குக் காத்திருப்பார்கள்.

இந்த இடத்தில் மிகவும் கவனமாக இருக்கவேண்டும். போலி வளர்ச்சி அரிது. செக்பாயின்ட் மருந்து எடுப்பவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட அது வருவதில்லை. மெலனோமா என்ற தோல் புற்றில்தான் சற்றுக் கூடுதலாகப் பார்க்கப்பட்டது. மீதிப் பேருக்கு வளர்ச்சி என்றால் வளர்ச்சிதான். சிலருக்கு மருந்து தொடங்கியபின் நோய் முன்பைவிட இரு மடங்கு வேகத்தில் பாய்வதும் உண்டு. அவர்களுக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் இழப்பு. "அது போலி வளர்ச்சியாகத்தான் இருக்கும்" என்ற ஆறுதல் வார்த்தை, பலன் தராத மருந்தில் ஒருவரைக் கட்டிப்போட்டுவிடக்கூடாது.

எனவே காத்திருக்கலாமா என்று முடிவெடுக்கும்போது படத்தைவிட ஆளைப் பார்க்கவேண்டும். பசி எடுக்கிறதா? எடை நிற்கிறதா? வலி குறைந்திருக்கிறதா? முன்பு செய்த வேலைகளைச் செய்ய முடிகிறதா? கட்டி வீங்கியிருந்தும் ஆள் தெம்பாக இருந்தால் ஐந்து வாரம் பொறுக்கலாம். ஆள் தளர்ந்துகொண்டே போனால், அல்லது கட்டி மூச்சுக்குழாயையோ தண்டுவடத்தையோ அழுத்தும் இடத்தில் இருந்தால், பொறுப்பதற்கு நேரமில்லை. இரண்டுக்கும் நடுவில் சந்தேகம் வந்தால் பயாப்சி கேட்பதில் தவறில்லை. இந்த விவரங்களை மருத்துவரிடம் சரியாகச் சொல்லக்கூடியவர் கூடவே இருப்பவர்தான். வாரத்துக்கு ஒருமுறை எடையையும் பசியையும் ஒரு நோட்டில் எழுதிவைப்பது, ஸ்கேனுக்குச் சமமான தகவல் என்றே நான் நினைக்கிறேன்.

ஒரு கட்டி சுருங்க, இன்னொன்று வளரும் கலப்பு நிலையும் வரும். அப்போது கூட்டுத்தொகை எதையும் சொல்லாது. வளரும் ஒன்றுக்கு மட்டும் கதிர்வீச்சோ அறுவையோ செய்துவிட்டு மருந்தைத் தொடரலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆறாவது படி: கட்டியைத் தாண்டியும் பாருங்கள்

எதிர்ப்பு சக்தி விழித்திருப்பதற்கான தடயங்கள் உடம்பு முழுக்கச் சிதறிக் கிடக்கும். பெட் படத்தில் வழக்கமாகக் கல்லீரலைவிட மங்கலாக இருக்கும் மண்ணீரல் பிரகாசமாகலாம். இதை வைத்து நல்லது கெட்டது என்று முடிவு கட்டக்கூடாது. ஏதோ கிளர்ச்சி நடக்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

மார்பின் நடுவில் இரண்டு பக்கமும் நிணநீர் முடிச்சுகள் ஒரே அளவில், கண்ணாடியில் பார்த்ததுபோல ஒளிர்ந்தால் அது சார்காய்டு என்ற அழற்சி நோய் போன்ற, புற்றல்லாத ஓர் எதிர்வினையாக இருக்கலாம். புற்றுநோய் இப்படி இடமும் வலமும் ஒத்திசைந்து பரவுவது குறைவு. நோய் பரவிவிட்டதாகக் கருதி நல்ல மருந்தை நிறுத்திவிடும் ஆபத்து இங்கேதான் அதிகம். ஒரு முடிச்சிலிருந்து சதை எடுத்தால் விஷயம் தெளிந்துவிடும்.

பக்க விளைவுகள் சில வேளை நோயாளி உணர்வதற்கு முன்பே படத்தில் எட்டிப்பார்க்கும். கழுத்தில் தைராய்டு முழுவதும் பட்டாம்பூச்சி வடிவில் ஒளிர்ந்தால் தைராய்டு அழற்சி. இரத்தத்தில் ஹார்மோன் அளவைப் பார்க்கவேண்டும். பெருங்குடல் சுவர் தடித்து நீளமாக ஒளிர்ந்தால், வயிற்றுப்போக்கு இருக்கிறதா என்று கேட்கவேண்டும். நுரையீரலில் சாம்பல் பூத்த கண்ணாடிபோல மங்கலான திட்டுகள் தெரிந்தால் அது மருந்தால் வந்த நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். இது உயிருக்கே ஆபத்தாகக்கூடியது.

அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். புதிதாக வறட்டு இருமல், மூச்சு வாங்கல், நாளுக்குப் பலமுறை வயிற்றுப்போக்கு, விடாத தலைவலியோடு கடும் சோர்வு, நெஞ்சுவலி, படபடப்பு, தசை பலவீனம், கண் இமை தொங்கல் இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். இதயத்தசை அழற்சி சில நாட்களில் முற்றிவிடும். அதற்கு முதலில் வேண்டியது ஈ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும்தான், எம்ஆர்ஐ பிறகு. தலைவலிக்கும் சோர்வுக்கும் பின்னால் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் வீக்கம் இருக்கலாம். அதை எம்ஆர்ஐ காட்டும். எம்ஆர்ஐ சரியாக இருந்துவிட்டால் மட்டும் அந்த நோய் இல்லை என்று ஆகிவிடாது, ஹார்மோன் பரிசோதனையும் வேண்டும்.

மூளைக் கட்டிகளுக்குத் தனி விதி உண்டு. 2015இல் வந்த ஐ-ரானோ நெறிமுறைப்படி, மருந்து தொடங்கி ஆறு மாதத்துக்குள் படத்தில் வளர்ச்சி தெரிந்து, ஆனால் நோயாளியின் பேச்சு, நடை, நினைவு எதுவும் மோசமாகாமல் இருந்தால், மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்த்து உறுதிசெய்யலாம். மூளையில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு அதனால் மடிந்த திசுவும் கட்டிபோலவே தெரியும். கதிர்வீச்சு நாளையும் இடத்தையும் எழுதிக் கொடுங்கள்.

ஏழாவது படி: வரப்போவதை அறிந்திருங்கள், ஆனால் அதை நம்பிக் காத்திருக்கவேண்டாம்

இதுவரை சொன்னவையெல்லாம் சுற்றிவளைத்து ஊகிப்பவை. டி அணுக்களையே நேரடியாகப் படம் பிடித்துவிட்டால்? அந்த முயற்சி நடந்துகொண்டிருக்கிறது. கொல்லும் டி அணுக்களின் மேல் சி.டி.8 என்ற புரதம் இருக்கிறது (சிடி ஸ்கேனுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, புதியவர்கள் குழம்பிவிடுவார்கள்). அந்தப் புரதத்தில் போய் ஒட்டும் சிறிய எதிர்ப்பொருளில் (ஆன்டிபாடி) கதிரியக்க சிர்கோனியம்-89ஐ இணைத்துச் செலுத்தினால், டி அணுக்கள் எங்கே கூடியிருக்கின்றனவோ அங்கே ஒளிரும். சிர்கோனியத்தின் அரை ஆயுள் சுமார் 78 மணி நேரம். அதனால் எதிர்ப்பொருள் மெதுவாகப் போய்ச் சேர்ந்தபின் மறுநாளோ சில நாள் கழித்தோ படம் எடுக்க முடிகிறது.

மருந்தையே ஒளிரவைத்தும் பார்த்திருக்கிறார்கள். 2018இல் வெளியான ஓர் ஆய்வில் 22 நோயாளிகளுக்கு சிர்கோனியம் ஒட்டிய அடெசோலிசுமாப் என்ற செக்பாயின்ட் மருந்தைச் செலுத்தினார்கள். கட்டியில் மருந்து எவ்வளவு சேர்கிறது என்பது, பயாப்சியில் பி.டி.-எல்1 புரதத்தை (பி.டி.-1 தடைக்கட்டையை அழுத்துவது இதுதான்) அளப்பதைவிடப் பலனோடு நன்றாகப் பொருந்தியது. ஒரே நோயாளியின் உடம்பில் ஒரு கட்டி ஒளிர, இன்னொன்று இருண்டிருப்பதும் தெரிந்தது. ஓர் ஊசிமுனை அளவு சதையை எடுத்து உடம்பு முழுவதற்கும் முடிவு சொல்வதில் உள்ள குறையை இதைவிடக் கண்முன் காட்ட முடியாது. டி அணு கட்டியைத் தாக்கும்போது வெளிவிடும் கிரான்சைம் பி என்ற நொதியைப் படம் பிடிக்கும் முயற்சியும் தொடர்கிறது. இவையெல்லாம் இன்னும் ஆய்வு நிலையில் இருப்பவை. உங்கள் மருத்துவமனையில் அப்படியொரு ஆய்வு நடந்தால் சேரலாமா என்று கேளுங்கள்; இல்லையென்றால் நல்ல சிகிச்சை ஒன்றை இழக்கிறோம் என்று எண்ணவேண்டாம்.

மருந்தை நிறுத்திய பிறகு

சிகிச்சை நல்லபடி முடிந்தவர்களுக்கு சிடி படத்தில் சிறு கட்டி எஞ்சியிருப்பதுபோல மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூடத் தெரியலாம். அது வெறும் தழும்பா, உயிருள்ள நோயா என்பதை அறிய பெட் ஸ்கேன் உதவும். ஒளிராத எச்சம் பெரும்பாலும் தழும்புதான். பக்க விளைவுகள் மட்டும் மருந்தோடு நின்றுவிடுவதில்லை, கடைசி ஊசிக்குச் சில மாதம் கழித்துக்கூட முளைக்கலாம். ஆகவே வேறு எந்தக் காரணத்துக்காக, வேறு எந்த மருத்துவரிடம் ஸ்கேன் எடுத்தாலும், விண்ணப்பத் தாளில் மருந்தின் பெயரையும் கடைசி ஊசியின் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். இருட்டறையில் உட்கார்ந்து உங்கள் படத்தைப் பார்ப்பவருக்கு உங்கள் முகம் தெரியாது. அந்தத் தாளில் இருப்பதுதான் அவருக்குத் தெரியும்.